கல்லில் இருப்பது 'உ'வா, 'அ'வா? ஒரு தேரிக்காட்டுக் கோயிலின் வயது

நீங்கள் கேட்டிருப்பது மேலே பார்த்தால் ஓர் எண்ணைப் பற்றிய சந்தேகம். நாசரேத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே, செம்மணல் மேடான தேரிக்காட்டில் உங்கள் ஊர்; அறுபது வீடு, ஓட்டுக்கூரை போட்ட ஒரு சிறிய சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம். வாசல் நிலைக்கு மேலே ஒரு கல். அதில் ஆண்டு பழைய தமிழ் எண்களில் வெட்டப்பட்டிருக்கிறது, மூன்றாவது எண் தேய்ந்துபோயிருக்கிறது. பெரியவர்கள் ௧௮௨௭ என்கிறார்கள், அதாவது 1827. பள்ளி ஆசிரியர் ஒருவர் ௧௮௮௭ என்கிறார், அதாவது 1887. "ரேனியஸ் ஐயர் கட்டிய கோயில்" என்று, அந்தக் காலத்து ஜெர்மன் மிஷனரி ஒருவரின் பெயரை உங்கள் தாத்தா சொல்லிக் கேட்டிருப்பதால் கமிட்டி 1827-ஐ எடுத்துக்கொண்டு இருநூறாவது ஆண்டு மலர் அச்சடிக்கத் தயாராகிறது. எது சரி, எங்கே போய்த் தேடுவது என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "இருநூறு இல்லையென்றால் எங்கள் சபைக்கு மதிப்புக் குறைந்துவிடுமா" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். சேகரப் பதிவேடுகளை, அதாவது ஒரு குருவின் கீழ் இருக்கும் பல ஊர்ச் சபைகளின் பதிவேடுகளை, படித்துப் படியெடுத்துக் கொடுப்பதை இருபது ஆண்டுகளாகச் செய்துவருகிறேன்; கல்வெட்டுத் துறையில் முறையாகப் படித்தவன் அல்ல. உங்கள் கல்லை நான் பார்க்கவும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் கல். பழைய தமிழ் எண்களில் இரண்டு, 'உ' போல இருக்கும். எட்டு, 'அ' போல இருக்கும். இரண்டிலும் இடப்பக்கம் ஒரு சுழி உண்டு. சுண்ணாம்பு பூசிப் பூசி மேல்பகுதி மழுங்கிவிட்டால் மிஞ்சுவது அந்தச் சுழி மட்டும்தான். அதை வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது வலப்பக்கம். எட்டு என்றால் அங்கே செங்குத்தாக ஒரு கோடு இறங்கியிருக்கும். இரண்டு என்றால் செங்குத்துக் கோடு இருக்காது. அடியில் ஒரு கிடைக்கோடு வலப்புறமாக நீளும். இரவில் போங்கள். விளக்குகளை அணைத்துவிட்டு ஒரு டார்ச் லைட்டைக் கல்லை ஒட்டி, பக்கவாட்டில் பிடியுங்கள். முதலில் இடமிருந்து, பிறகு மேலிருந்து. பகலில் தெரியாத பள்ளமெல்லாம் நிழல் விழுந்து எழுந்து வரும். இரண்டு கோணத்திலும் படமெடுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து ஆணியாலோ கம்பியாலோ சுரண்ட வேண்டாம். கறுப்புப் பெயிண்ட் கொண்டு எழுத்தை "தெளிவாக்க"வும் வேண்டாம். அப்படித் தெளிவாக்கப்பட்ட கல் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். பெயிண்ட் அடித்தவர் எதை நினைத்தாரோ அதுதான் இப்போது அங்கே இருக்கிறது. கல்தச்சர் வெட்டியது என்ன என்பது போயே போய்விட்டது.

எண் எப்படியும் தெரியவில்லை என்றாலும் உங்கள் கல்லே வேறொரு விதத்தில் பதில் சொல்லிவிடுகிறது. இரண்டாவது வரியில் "அத்தியட்சரவர்களால் பிரதிஷ்டை பண்ணப்பட்டது" என்பது தெளிவாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தியட்சர் என்றால் பிஷப். ஆங்கிலிக்கன் முறையில் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்ய பிஷப் வேண்டும். மிஷனரி ஜெபித்துத் திறந்துவைக்கலாம், பிரதிஷ்டை செய்ய முடியாது. 1827-ல் சென்னைக்குத் தனி பிஷப்பே கிடையாது. அந்த ஆசனம் 1835-ல்தான் ஏற்பட்டது. அதற்கு முன் இந்தியா முழுவதற்கும் கல்கத்தா பிஷப் ஒருவர்தான். அந்தப் பதவியில் இருந்த ஹீபர் 1826 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியில் இறந்தார். அடுத்தவரான ஜேம்ஸ் 1828 தொடக்கத்தில்தான் கல்கத்தாவில் வந்து இறங்கினார். ஆக 1827-ல் இந்தியாவில் பிரதிஷ்டை செய்ய ஆளே இல்லை. 1877-ல் மிஷனரிகளான கால்டுவெல், சார்ஜெண்ட் இருவரும் திருநெல்வேலிக்கென உதவி பிஷப்புகளாக அபிஷேகம் பெற்ற பிறகுதான் இந்தப் பக்கத்துக் குக்கிராமங்களுக்கு பிஷப் வருவது சாதாரணமானது. 1887-ல் இருவருமே பதவியில் இருந்தார்கள். எனவே அந்த எண் எட்டு. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பள்ளி ஆசிரியரின் கண் நல்ல கண்.

பிஷப்பின் பெயர் இருந்த இடத்தில் முதல் எழுத்து சிதைந்து ஒரு துணைக்கால் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்கிறீர்கள். வேடிக்கை என்னவென்றால் கால்டுவெல், சார்ஜெண்ட் இரண்டு பெயருக்கும் இரண்டாவதாக வருவது அந்தக் கால்தான். இது அற்ப விஷயம் அல்ல. கால்டுவெல் எஸ்.பி.ஜி. சங்கத்தின் சபைகளைக் கவனித்தவர், சார்ஜெண்ட் சி.எம்.எஸ். சங்கத்தின் சபைகளை; இரண்டும் இங்கிலாந்திலிருந்து மிஷனரிகளை அனுப்பிய சங்கங்கள். உங்கள் ஊர் எந்தப் பக்கம் என்பது தெரிந்தால்தான் பழைய தாள்களை எங்கே தேடுவது என்பதும் தெரியும். முதலூரும் நாசரேத்தும் எஸ்.பி.ஜி.; சாத்தான்குளமும் கடாட்சபுரமும் சி.எம்.எஸ். நீங்களோ சரியாக நடுவில் இருக்கிறீர்கள். ஊரில் எண்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் "நாம் எஸ்.பி.ஜி.யா, சி.எம்.எஸ்.ஸா?" என்று கேட்டுப் பாருங்கள். சங்கங்கள் மறைந்து, 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகும் அந்தத் தலைமுறை இதை மறக்கவில்லை. பெண் எடுப்பதிலும் கொடுப்பதிலும்கூட அந்தக் கோடு வெகுகாலம் இருந்தது.

இனி தாத்தாவின் நினைவு. ரேனியஸ் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தார், 1835-ல் சி.எம்.எஸ்.ஸோடு முறிந்தது, 1838-ல் இறந்தார். 1887-ல் பிரதிஷ்டை கண்ட கட்டடத்தை அவர் கட்டியிருக்க வழியில்லை. அதற்காகத் தாத்தா சொன்னது பொய் என்று தள்ளிவிடாதீர்கள். வாய்வழி நினைவு ஆண்டைத் தவறவிடும். ஆளையும் இடத்தையும் அவ்வளவு எளிதில் தவறவிடாது. ஆனால் ஆள் விஷயத்திலும் ஒரு பழக்கம் உண்டு: இந்த வட்டாரத்தில் பழையதெல்லாம் ரேனியஸ் ஐயர் அல்லது கால்டுவெல் ஐயர் தலையில் வந்து விழும். அவர்கள் பெயர் பெரிது, அதனால் இழுக்கும். "கட்டினார்" என்ற சொல்லையும் கவனியுங்கள். அந்த நாளில் ஓர் ஊரில் சபை தொடங்கினால் முதலில் எழுவது மண்சுவரும் பனையோலைக் கூரையுமாக ஒரு ஜெபவீடு. பகலில் அதுவே பள்ளிக்கூடம். உபதேசியார் ஒருவர், சில ஊர்களில் அவர் மனைவியும், அதில் பாடம் சொல்வார்கள். அது எரியும், கரையான் அரிக்கும், மழையில் கரையும், மறுபடி எழும். ரேனியஸின் காலத்தில் உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம் என்பதற்கு மேல் இப்போதைக்குச் சொல்ல முடியாது. ஆனால் தேட முடியும்.

இங்கேதான் உங்கள் கமிட்டியாரிடம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். சபையின் வயது வேறு, கட்டடத்தின் வயது வேறு. திருநெல்வேலித் திருச்சபையே தன் நூற்றாண்டை 1880-ல் கொண்டாடியது. எதிலிருந்து எண்ணினார்கள் தெரியுமா? ஆலயத்திலிருந்து அல்ல. பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற பெண்மணி கட்டிய ஆலயம் 1785-ல்தான் திறக்கப்பட்டது. அவர்கள் எண்ணியது 1780-ம் ஆண்டுப் பதிவேட்டிலிருந்து. நாற்பது பேரின் பெயர் கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவுதான். மறுபுறம், இடையன்குடியில் கால்டுவெல் தொடங்கிய ஆலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: தொடங்கியது 1847, பிரதிஷ்டை 1880. முப்பத்துமூன்று ஆண்டு நடந்த வேலைக்கு எந்த ஆண்டைக் கல்லில் போடுவது? ஆகவே 1887 உங்கள் சபையின் பிறந்த ஆண்டு அல்ல. ஓலைக்கூரைக்குள் அடங்காத அளவுக்கு அந்தச் சபை வளர்ந்துவிட்ட ஆண்டு. அதற்குப் பத்தாண்டு முன்னால், 1876 முதல் 1878 வரை, தாது வருடப் பஞ்சம் வந்து போயிருந்தது. அந்த ஆண்டுகளில் இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். 1880-களில் பல ஊர்களில் செங்கல் ஆலயம் எழ இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம். உங்கள் ஊருக்கும் பொருந்துகிறதா என்பதைப் பதிவேடுதான் சொல்ல வேண்டும்.

கட்டடத்தில் வேறு ஆண்டுகளும் கண்ணில் படும், ஏமாந்துவிடாதீர்கள். நானே ஏமாந்திருக்கிறேன். ஓர் ஊரில் கூரை மாற்றியபோது இறக்கிய ஓட்டின் பின்புறத்தில் 1865 என்று அச்சு இருந்தது. ஆலயம் 1865-ல் கட்டப்பட்டது என்று உற்சாகமாக எழுதிக் கொடுத்தேன், மலரிலும் வந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது: மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு 1865. தொடங்கிய ஆண்டையே முத்திரை போல எல்லா ஓட்டிலும் பதித்து அனுப்பியிருக்கிறார்கள்! ஓடு வாங்கியது எத்தனையோ ஆண்டு கழித்து. அந்த ஊர்க்காரர்கள் இன்னும் என்னைப் பார்த்தால் "ஓட்டு வாத்தியார்" என்றுதான் சிரிப்பார்கள். மணியும் அப்படியே. மணியில் இருப்பது மணி வார்த்த ஆண்டு. அது வேறோர் ஆலயத்திலிருந்து கைமாறி வந்ததாகவும் இருக்கலாம். திருவிருந்துப் பாத்திரத்தில் பொறித்த ஆண்டு, அதைக் காணிக்கையாகக் கொடுத்தவரின் ஆண்டு.

சரி, எங்கே தேடுவது. உங்கள் ஆலயத்தின் வெஸ்ட்ரி அறையில் பழைய பதிவேடு இல்லை என்று சோர்ந்துபோயிருக்கிறீர்கள். இருக்காது. சிறிய ஊர்களுக்குத் தனிப் பதிவேடு வைப்பதில்லை. சேகரத்தின் தலைமை ஊரில், குருமனையில், பல ஊர்களுக்கும் சேர்த்து ஒரே ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். சேகரம் பிரியும்போது புதிய சேகரத்துக்குப் புதிய புத்தகம் போடுவார்கள், பழையது தாய்ச் சேகரத்திலேயே தங்கிவிடும். ஆகவே உங்கள் இன்றைய சேகரம் எதிலிருந்து பிரிந்தது, அது எதிலிருந்து பிரிந்தது என்று பின்னோக்கிப் போங்கள். 2003-ல் தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் (ஒரு பிஷப்பின் கீழுள்ள பகுதி) பிரிந்தபோது சில தாள்கள் பாளையங்கோட்டையிலேயே இருந்துவிட்டிருக்கக்கூடும்; அங்கேயும் விசாரியுங்கள். சேகர குருவிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கமிட்டியின் கடிதத்தோடு போனால் பீரோ சீக்கிரம் திறக்கும்.

பதிவேடு கையில் கிடைத்தால் வேகமாகப் புரட்டாதீர்கள். ஆங்கிலிக்கன் படிவத்தில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும்: ஞானஸ்நானம் பெற்ற நாள், பெயர், பெற்றோர் பெயர், ஊர், தகப்பன் தொழில், கொடுத்த குருவின் கையெழுத்து. நீங்கள் பார்க்க வேண்டியது ஊர்க் கட்டம். உங்கள் ஊர்ப் பெயர் முதன்முதலாக எந்தத் தேதியில் வருகிறது? அடுத்தது, அந்த முதல் பதிவு குழந்தையுடையதா, வயது வந்தவருடையதா? வயது வந்தவர்கள் கூட்டமாக, ஒரே நாளில், பழைய பெயரும் புதிய பெயருமாகப் பதிவாகியிருந்தால் சபை பிறந்த நாளை நீங்கள் தொட்டுவிட்டீர்கள் என்று பெரும்பாலும் சொல்லலாம். சுடலைமுத்து என்றிருந்தவர் வேதமுத்து ஆகியிருப்பார், பேச்சி ஞானம்மாள் ஆகியிருப்பாள். ஒரே பக்கத்தில் பதினெட்டுப் பேர், பதினெட்டுப் பேருக்கும் தொழில் கட்டத்தில் 'பனையேறி' என்ற ஒரே சொல், கீழே ஒரே கையெழுத்து. அப்படி ஒரு பக்கத்தை முதன்முதலாகப் படித்த நாளில் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். மாறாக, உங்கள் ஊரின் முதல் பதிவே கிறிஸ்தவப் பெயர் கொண்ட பெற்றோருக்குப் பிறந்த குழந்தை என்றால், சபை அந்தப் புத்தகத்தைவிடப் பழையது. இன்னும் பின்னால் போக வேண்டும். திருமணப் பதிவேட்டுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. 1872-ம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி நகல்களை மேலே அனுப்ப வேண்டும் என்பதால், ஊரில் கரையான் தின்றது வேறிடத்தில் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு.

பதிவேட்டுக்கும் முன்னால் போக வேண்டுமானால் மிஷன் அறிக்கைகள். சி.எம்.எஸ். தாள்கள் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலும், எஸ்.பி.ஜி. தாள்கள் ஆக்ஸ்போர்டில் பாட்லியன் நூலகத்திலும் இருக்கின்றன. எங்கோ தூரத்தில் என்று மலைக்க வேண்டாம். மின்னஞ்சலில் கேட்டால் பதில் எழுதுகிறார்கள், பிரதி எடுக்கக் கட்டணம் உண்டு. மிஷனரிகள் தங்கள் வட்டாரத்துச் சபைகளை ஊர்வாரியாகக் கணக்கெடுத்து அனுப்பிய பட்டியல்கள் அவற்றில் உண்டு. தொல்லை என்னவென்றால் ஊர்ப் பெயர்களை அவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். பாளையங்கோட்டை 'பாலம்கோட்டா', இடையன்குடி 'எடெயன்கூடி'. உங்கள் ஊர்ப் பெயரை வேகமாக ஐந்தாறு முறை உச்சரித்து, ஆங்கிலேயன் ஒருவன் அதை எப்படியெல்லாம் எழுதுவான் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு தேடுங்கள். ஊருக்கு இரண்டு பெயர் இருந்ததா என்றும் கேளுங்கள். இந்தப் பக்கத்தில் பழைய விளைப் (தோட்ட நிலம்) பெயரோ குளப் பெயரோ மாறி 'புரம்' ஆன ஊர்கள் நிறைய. 1820-களுக்கும் முந்திய காலம் என்றால் கதை வேறு. 1799-ல் முதலூர் உருவானது, 1802-ல் கெரிக்கே என்ற மிஷனரி இந்த வழியாக வந்து கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் கொடுத்தார். முதலூருக்கு இவ்வளவு அருகே இருக்கும் உங்கள் ஊரில் அந்த அலை ஒரு குடும்பத்தையாவது தொட்டிருந்தால் வியப்பில்லை. அப்படிப் பார்த்தால் உங்கள் சபை கமிட்டி சொல்லும் 1827-க்கும் முந்தியதாகக்கூட இருக்கலாம். ஆனால் "இருக்கலாம்" என்பதை மலரில் "ஆகும்" என்று அச்சடித்துவிடாதீர்கள்.

நிலத்தையும் விட்டுவிட வேண்டாம். ஆலயம் நிற்கும் மனை யார் பெயரில் இருந்தது, யார் கொடுத்தது? கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் 'அ' பதிவேட்டில் சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், நிலம் கொடுத்தவரின் பெயர் சில சமயம் கிடைக்கும். பெரும்பாலான மலர்களில் மிஷனரியின் படம் முழுப் பக்கத்துக்கு இருக்கும்; தன் விளையில் பத்து சென்ட் ஒதுக்கிக் கொடுத்தவருக்கு ஒரு வரி இருக்காது. முதல் உபதேசியாரின் பெயரும் அப்படித்தான் காணாமல் போகும். குதிரையில் வந்த ஐயர் ஆண்டுக்கு இரண்டு நாள் உங்கள் ஊரில் இருந்திருப்பார். மற்ற நாளெல்லாம் சபையைக் கட்டிக் காத்தது அந்த உபதேசியார்தான்.

தேடும்போது பதிவேட்டில் திடீரென்று ஓர் இடைவெளி வந்தால் பயப்படாதீர்கள், அதுவும் வரலாறுதான். 1835-ல் ரேனியஸ் பிரிந்தபோது பல சபைகள் அவரோடு போய், அவர் இறந்த பிறகு திரும்பின. 1857-ல் நாசரேத்துக்குப் பக்கத்தில் சட்டாம்பிள்ளை என்பவர் மிஷனரிகளோடு மோதி, வெள்ளைக்காரர் தயவில்லாத இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கியபோது சில குடும்பங்கள் அங்கே போயின. உங்கள் ஊரில் யாராவது போயிருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். அதேபோல, ஆலயத்துக்குள் யார் எங்கே உட்கார்ந்தார்கள், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்பதையும். இதை எழுதினால் விழா கெட்டுவிடும் என்று ஒருவர் நிச்சயம் எழுந்து சொல்வார். நான் உதவிய ஊர்களில் சரிபாதியில் அவர்தான் ஜெயித்தார்.

பெரியவர்களிடம் பேசும்போது "எந்த வருஷம்" என்று கேட்காதீர்கள். கேட்டால் ஒரு வருஷம் சொல்லிவிடுவார்கள், அது உங்களைத் திசைமாற்றிவிடும். முதல் ஜெபம் யார் வீட்டு முற்றத்தில் நடந்தது, ஓலைக்கோயில் இப்போதைய கோயிலுக்கு எந்தப் பக்கம் இருந்தது, எந்த மரத்தடியில் பள்ளிக்கூடம், செங்கல் எங்கே சுட்டார்கள், கருப்பட்டி விற்று எந்தக் குடும்பம் என்ன கொடுத்தது என்று கேளுங்கள். பெண்களைத் தனியாகக் கேளுங்கள். அசனத்துக்கு (சபையின் பொது விருந்து) அரிசி அளந்த கணக்கிலிருந்து எந்தக் கிழவி யாருக்கு அத்தை என்பது வரை அவர்களிடம்தான் இருக்கும், அந்த உறவுமுறையை வைத்துத்தான் பதிவேட்டில் உள்ள மூன்று ஞானமுத்துகளில் உங்கள் ஞானமுத்து யார் என்று பிரிக்க முடியும்.

கமிட்டிக்கு என் ஆலோசனை இது. விழாவை நிறுத்த வேண்டாம், எண்ணை மட்டும் மாற்றுங்கள். கட்டடத்துக்கு 1887 உறுதி. அந்தக் கணக்கில் 2027-ல் நூற்றுநாற்பதாவது பிரதிஷ்டைப் பண்டிகை வருகிறது. சபையின் ஆண்டை இப்போதைக்குக் காலியாக விட்டுவிட்டு ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடுங்கள். தாய்ச் சேகரத்தின் பீரோ திறந்ததும் உங்கள் ஊர்ப் பெயர் முதலில் வரும் பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து இங்கேயே போடுங்கள். அந்தக் காலத்துக் கூட்டெழுத்து பழகும்வரை கஷ்டம்தான். நான் படித்துச் சொல்கிறேன்.